சங்கத்துக் கம்ப்யூட்டருக்குள் கேட்ட தட்டல்

மணியந்துறை மீனவர் சங்கத்துக் கம்ப்யூட்டருக்குள் யாரோ தட்டுகிறார்கள் என்று போன் வந்த செவ்வாய்க்கிழமை காலையில், எஸ்கலின் ஒரு வக்கீல் ஆபீஸ் கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் செத்துக் கிடந்த பல்லியை இடுக்கியால் வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருஷமாக டவுனில் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள் அவள். மற்ற மெக்கானிக்குகள் கண்ணால் பார்ப்பார்கள், அவள் முதலில் காதால் கேட்பாள். ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பெட்டியின் மேல் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் அழுத்திக் கண்ணை மூடினால், ஃபேனின் பேரிங் தேய்ந்து கரகரப்பதும், ஹார்டு டிஸ்க் சாவதற்கு முன்னால் பல்லைக் கடிப்பதும், கேபிளுக்கு அடியில் கரப்பான் குடும்பம் நடமாடுவதும் அவளுக்குத் தனித்தனியாகக் கேட்கும். அவள் காதுக்குத் தப்பிய சத்தம் ஒன்று இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

"நாலு நாளா ஒரே ஒரு லெட்டர் அடிக்க முடியலம்மா," என்றார் போனில் சங்கச் செயலாளர் சூசைமரியான். "உக்காந்து அடிக்க ஆரம்பிச்சா உள்ள இருந்து தட்டுது. நிறுத்தினா நிக்குது. போட்டா மறுபடி தட்டுது."

"ஹார்டு டிஸ்க் போயிருக்கும் அண்ணாச்சி. வாரேன்," என்று சொல்லி, புது டிஸ்க் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு எஸ்கலின் ஸ்கூட்டரில் கிளம்பினாள்.

அந்த லெட்டர் என்ன லெட்டர் என்பது போகிற வழியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் மணியந்துறைக்கு அந்த வாரம் வேறு பேச்சே இல்லை. பதினோரு நாளைக்கு முன்னால் அடித்த புயலில் ஊரின் எல்லா வள்ளங்களும் கரைக்கு ஓடி வந்துவிட, 'சலேத் மாதா' என்ற ஒரு வள்ளம் மட்டும் வரவில்லை. தொம்மை, இன்னாசி, கஸ்பார், பெனிட்டோ என்று நாலு பேர் அதில் இருந்தார்கள். தேடிப் போன படகுகள் எல்லாம் தேடிவிட்டுத் திரும்பி, இனித் தேடிப் பயனில்லை என்றும் சொல்லிவிட்டன. நாலு பேரும் இறந்துவிட்டார்கள் என்று சங்கம் ஒரு கடிதம் எழுதி மேலே அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் கோயிலில் நாலு வெறும் பெட்டிகளை வைத்துத் துக்கப் பூசை செய்வதாகவும் முடிவாகியிருந்தது.

சங்கக் கட்டடம் கடலைப் பார்த்து இருந்தது. மேசைமேல் மஞ்சள் பாய்ந்த பழைய கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் சூசைமரியானின் சுழல் நாற்காலி, சுவரோரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த காணாமல் போனவர்களின் உறவுக்காரர்கள். எஸ்கலின் ஸ்விட்சைப் போட்டாள். ஃபேன் சுழன்றது, திரை வெளிச்சமானது, கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தட்டல் கேட்டது. டக் டக். ஒரு மூச்சு விடுகிற இடைவெளி. டக்.

இது டிஸ்க்தான் என்று அவள் பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். மறுபடி ஸ்விட்சைப் போட்டாள். டக் டக். டக். ஃபேனை விரலால் பிடித்து நிறுத்தினாள், தட்டல் நிற்கவில்லை. மெமரியைப் பிடுங்கினாள், சிடி டிரைவைப் பிடுங்கினாள், தேவையில்லாத வயரையெல்லாம் உருவினாள். பெட்டிக்குள் ஒவ்வொன்றாகக் குறையக் குறையத் தட்டல் தெளிவாகிக்கொண்டே வந்தது, கூட்டம் கலைந்த வீட்டில் ஒருவர் குரல் தெளிவாகக் கேட்பதுபோல. கடைசியில் அவள் ஸ்க்ரூடிரைவரைத் தகரத்தில் அங்கங்கே ஊன்றி, காதை வைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டே போய்ச் சத்தத்தின் இடத்தைப் பிடித்துவிட்டாள். பெட்டியின் முன்பக்கம், கீழே, ஒரு காலத்தில் பிளாப்பி டிரைவ் இருந்து பிற்பாடு எடுக்கப்பட்ட காலி அறை. அதில் ஒரு வயர் இல்லை, ஒரு திருகாணி இல்லை, தூசிகூட இல்லை. தட்டல் அந்த ஒன்றுமில்லாத இடத்திலிருந்துதான் வந்தது. தட்டலுக்குப் பின்னால், மிக மெல்லியதாக, மரத்தின்மேல் தண்ணீர் மோதுகிற சளப் சளப்பும் கேட்டது.

எஸ்கலின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக ஒரு சத்தத்துக்கு அவளிடம் பெயர் இல்லை.

அந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர் சரியானதும் அடிக்கப்போகிற கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்காகக் கித்தேரி வந்தாள். தொம்மையின் மனைவி. மீன் கூடையோடு பத்து ஊர் நடக்கிறவள். புருஷன் காணாமல் போன பதினோரு நாளில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாததால், அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றாள். டக் டக். டக்.

"இது எங்க வீட்டுக்காரரு," என்றாள்.

சுவரோரத்தில் இருந்தவர்கள் தலையை நிமிர்த்தினார்கள்.

"கடலுக்குப் போயிட்டு வந்தா அவரு கதவ இப்படித்தான் தட்டுவாரு. ரெண்டு சேர்ந்து, ஒண்ணு விட்டு. இருவத்திரெண்டு வருஷமா நான் எந்திரிச்சிப் போய்த் தொறக்குதேன், எனக்குத் தெரியாதா?" கித்தேரி சண்டை போடவுமில்லை, அழவுமில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். பிறகு நேரே வந்து பெட்டியின் முன்னால் முழங்காலிட்டு, மோதிர விரலால் அந்தக் காலி அறையின் தகரத்தில் தட்டினாள். ரெண்டு சேர்ந்து, ஒண்ணு விட்டு.

தட்டல் நின்றுபோனது. பத்து எண்ணுகிற நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் உள்ளேயிருந்து, அவசர அவசரமாக, கணக்கில்லாமல், கதவை உடைக்கிற மாதிரித் தட்டல் கிளம்பியது. சுவரோரத்தில் இருந்த இன்னாசியின் தகப்பனார் "ஆண்டவரே" என்று எழுந்து நின்றுவிட்டார்.

உச்சிவெயில் ஏறுவதற்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவியது, பரவிய வேகத்திலேயே ஊர் அதற்குப் பழகியும் கொண்டது. கம்ப்யூட்டருக்குள் எப்படி மனுஷன் தட்டுவான் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். கேட்டவர்களையும் வரிசையில் நில்லுங்க, வரிசையில் நில்லுங்க என்று மற்றவர்கள் அடக்கிவிட்டார்கள். பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை என்று நின்று ஆளுக்கு ஒரு தடவை காதை வைத்துக் கேட்டுவிட்டு, கேட்டதை வீட்டுக்குப் போய்க் கிடையில் கிடப்பவர்களுக்குச் சொன்னார்கள். யாரோ பெட்டியின்மேல் மாலை போட்டார்கள். ஒருத்தி தீர்த்தம் தெளிக்க வந்தபோது எஸ்கலின் பாய்ந்து தடுத்தாள்: "தண்ணி பட்டா ஷார்ட் ஆயிரும்க்கா! நாலு பேரு உசுரு உள்ள இருக்கு!" சொன்ன பிறகுதான், தானும் அதை நம்பிவிட்டது அவளுக்கே தெரிந்தது.

மின்சாரம் போனால் தட்டலும் போய்விடும் என்று தெரிந்ததும், யாரும் சொல்லாமலே வீடுவீடாக டிவியை அணைத்தார்கள், ஃப்ரிட்ஜை அணைத்தார்கள், ஐஸ் கம்பெனிக்காரர் தன் பெரிய மெஷினையே நிறுத்திவிட்டு, உருகினால் உருகட்டும் என்று வந்து வரிசையில் நின்றார். பள்ளிக்கூடத்தில் மணிக்குப் பதிலாகக் கையைக் காட்டி வகுப்பு முடித்தார்கள். உப்பு விற்கிறவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிசுகிசுப்பாக "உப்போய், உப்போய்" என்று தெருவில் போனான். மணியந்துறை தோன்றிய நாளிலிருந்து அந்த ஊர் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. அதையும் எஸ்கலின்தான் கண்டுபிடித்தாள். பின்பக்கத்து வயர் ஒன்றைச் சரிசெய்வதற்காக அவள் பெட்டியைத் திருப்பியபோது தட்டல் சட்டென்று கம்மியது. மறுபடி திருப்பினாள், ஓங்கியது. "அண்ணாச்சி, எந்திரிங்க," என்று சூசைமரியானை எழுப்பிவிட்டு, பெட்டியைத் தூக்கி அவருடைய சுழல் நாற்காலியில் வைத்து, நாற்காலியை மெதுவாகச் சுற்றினாள். கரையைப் பார்த்தபோது தட்டல் எறும்பு நடப்பதுபோல் இருந்தது. தெற்கே பார்த்தபோது வளர்ந்தது. தென்கிழக்கே, ஜன்னலுக்கு வெளியே கடல் வெயிலில் கண்ணைக் கூசவைத்த இடத்தைப் பார்த்தபோது, அறையில் இருந்த எல்லாரும் காதை வைக்காமலே கேட்டார்கள். டக் டக். டக்.

ஊரிலேயே பெரிய ஃபைபர் படகு சிலுவையுடையது. கட்டையான ஆள், ஐம்பது வயது, புயலுக்குப் பிறகு மூன்று தடவை தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்து யார் முகத்திலும் விழிக்காமல் இருந்தவர். அவர் நாற்காலியைத் தானே ஒரு சுற்றுச் சுற்றிக் கேட்டுவிட்டு, "விடியக்காலம் கெளம்புதேன்," என்று ஒரே வார்த்தையில் சொன்னார். ஊர் பரபரத்தது. வீட்டுக்கு ஒரு கேன் டீசல் வந்தது. பங்குச் சாமியார் கோயில் ஒலிபெருக்கிக்கு வைத்திருந்த இன்வெர்ட்டரையும் பேட்டரிகளையும் வண்டியில் ஏற்றித் தாமே தள்ளிக்கொண்டு வந்தார். சுழல் நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றி, அதைப் படகின் நடுவில் வலைக்கயிற்றால் கட்டி, அதன்மேல் கம்ப்யூட்டரை உட்காரவைத்து, மேலே தார்ப்பாயால் ஒரு கூரையும் போட்டார்கள்.

எல்லாம் ஏறிய பிறகு, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு கித்தேரியும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எஸ்கலினும் படகை நோக்கி நடந்தபோதுதான் பேச்சு நின்றது. மணியந்துறையில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. ஏறினால் வலை வறண்டு போகும் என்பார்கள்.

"நீங்க எதுக்கு?" என்றார் சிலுவை. "எப்படித் திருப்பணும்னு சொல்லித் தந்தா நாங்க திருப்பிக்கிட மாட்டோமா?"

"வயர் கழண்டா மாட்டத் தெரியுமா?" என்றாள் எஸ்கலின். "ஈரம் ஏறினா என்ன செய்யணும்னு தெரியுமா? நடுக்கடல்ல இது நின்னு போச்சுன்னா, யாருக்குப் போன் போடுவீங்க?"

சிலுவை கித்தேரி பக்கம் திரும்பினார். "மைனி, நீங்களாவது சொல்லுங்க. ஊருக்குன்னு ஒரு வழக்கம் இருக்குல்லா."

"பொம்பள ஏறினா மீனு படாதுன்னுதானே?" என்றாள் கித்தேரி. "நீரு மீனா பிடிக்கப் போறீரு? ஆளப் பிடிக்கப் போறீரு. தள்ளும்."

சிலுவை படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் ஏற வசதியாகத் தன் முழங்காலை மடித்து முன்னால் நீட்டினார்.

புதன்கிழமை விடியலில் கிளம்பினார்கள், சிலுவையும் அவர் மருமகன் அமலனும் எஞ்சினில், கித்தேரி படகின் மூக்கான முன்னணியத்தில், எஸ்கலின் நாற்காலிக்குப் பக்கத்தில் காலை அகட்டி உட்கார்ந்து. கரை மறைந்தது. எஸ்கலின் ஒரு கையால் நாற்காலியைத் திருப்பிக் காதை வைத்துக் கேட்டு, மறுகையைத் தூக்கி இடம், வலம், நேரே என்று காட்டி, திரும்பி விளிம்பில் வாந்தியெடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி காதை வைத்தாள். அன்று முழுவதும் அப்படியே போனது. இடையிடையே கித்தேரி வந்து தகரத்தில் தட்டினாள். உள்ளேயிருந்து பதில் வந்தது. ஒவ்வொரு தடவையும் பதில் முன்னைவிடக் கொஞ்சம் ஓங்கியும், முன்னைவிடக் கொஞ்சம் களைத்தும் இருந்தது. இருட்டியதும் பேட்டரியை மிச்சப்படுத்தப் பெட்டியை அணைத்துவிட்டு மிதந்தார்கள். விடிந்ததும் போட்டார்கள். தட்டல் இருந்தது, ஆனால் ரெண்டு சேர்ந்து ஒண்ணு விட்டு இல்லை. ஒண்ணு. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று.

"கை ஓய்ஞ்சு போச்சு அவருக்கு," என்றாள் கித்தேரி. "சிலுவை, ஓட்டும்."

சிலுவை ஓட்டினார். நீவாடு என்கிற நீரோட்டம் தெற்கே இழுத்தது, எஸ்கலின் கை கிழக்கே காட்டியது, அவர் அந்தக் கைக்குப் படகை விட்டார், முப்பத்தைந்து வருஷம் நட்சத்திரத்துக்கும் காற்றுக்கும் விட்டவர். வெயில் உச்சிக்கு வந்தபோது தட்டல் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பெட்டியின் தகரம் அதிர்ந்தது. சிலுவை நன்றாகக் கேட்பதற்காக எஞ்சினை நிறுத்திய அதே கணத்தில் இன்வெர்ட்டர் நீளமாக ஒரு கூவல் கூவி ஓய்ந்தது. கடைசிப் பேட்டரியும் தீர்ந்துவிட்டது. ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. பச்சை விளக்கு அணைந்தது.

எஸ்கலின் ஸ்விட்சை அழுத்தினாள். அழுத்தினாள். வயரைப் பிடுங்கி மாட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. நாலு பக்கமும் தண்ணீர், தலைக்குமேல் சூரியன், படகில் நாலு பேர், நாலு பேருக்கும் ஒருவரை ஒருவர் பார்க்கத் தைரியம் இல்லை.

டக்.

எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். பெட்டி அணைந்துதான் இருந்தது.

டக்.

எஸ்கலின் கண்ணை மூடினாள். ஸ்க்ரூடிரைவர் வேண்டியிருக்கவில்லை. தகரத்தின் வழியாக வருகிற சத்தத்துக்கும் காற்றின் வழியாக வருகிற சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவளைவிட அறிந்தவர் யார். "இது பெட்டிக்குள்ள இல்ல," என்று எழுந்து நின்றாள். "வெளிய! வெளிய கேக்குது!"

முன்னணியத்தில் ஏறி நின்ற கித்தேரி கையை நீட்டினாள். தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில், கண்ணில் விழுந்த தூசி மாதிரி, ஒரு கறுப்புப் புள்ளி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

'சலேத் மாதா'வின் எஞ்சின் புயலிலேயே செத்துப்போயிருந்தது. மழைத்தண்ணீரைத் தார்ப்பாயில் பிடித்துக் குடித்தும், கையில் கிடைத்த மீனைப் பச்சையாகத் தின்றும் நாலு பேரும் கிடந்திருந்தார்கள். உதடெல்லாம் வெடித்து, தோலெல்லாம் உரிந்து, ஆனால் நாலு பேருக்கும் மூச்சு இருந்தது. தொம்மை ஐஸ்பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடைந்த துடுப்பின் துண்டு ஒன்று அவர் கையோடு துணியால் கட்டப்பட்டிருந்தது, விரல்களுக்குப் பிடிக்கத் தெம்பு போன பிறகும் தட்டுவதற்காக. முதலில் ஐஸ்பெட்டியின்மேல் சும்மாதான் தட்டினாராம், உயிரோடு இருக்கிறோம் என்று தனக்கே தெரிவதற்காக. செவ்வாய்க்கிழமை ஐஸ்பெட்டிக்குள்ளிருந்து பதில் வந்ததும் மற்ற மூன்று பேரும் அழுதார்களாம், அதற்குப் பிறகு ஒருத்தரும் சாகக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டாராம்.

படகுகள் உரசியதும் கித்தேரி தாவிக் குதித்தாள். தொம்மை அண்ணாந்து பார்த்தார்.

"நீ எதுக்குட்டி கடலுக்கு வந்த?"

"நீரு இப்படித் தட்டிக்கிட்டே இருந்தா," என்றாள் கித்தேரி, அவர் கையிலிருந்த கட்டை அவிழ்த்துக்கொண்டே, "நான் எப்படிய்யா வீட்ல இருக்குறது?" அதைச் சொல்லி முடித்த பிறகுதான், பதிமூன்று நாளாக வராத அழுகை அவளுக்கு வந்தது. நடுக்கடலில், ஒருத்தரும் தடுக்காமல், சத்தமாக, வேண்டிய மட்டும் அழுதாள். சிலுவை திரும்பிக்கொண்டு இழுவைக்கயிற்றைக் கட்டினார். அவர் கட்டிய முடிச்சு மூன்று தடவை அவிழ்ந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மணியந்துறைக் கோயிலில் துக்கமணி அடிக்கத் தொடங்கியிருந்தது. ஊர் நம்பிக்கையை விடவில்லைதான், ஆனால் படகு போய் இரண்டு நாளாகித் தகவல் ஒன்றும் வராததால், குறித்த பூசையை நிறுத்தவும் யாருக்கும் தைரியம் வரவில்லை. வெள்ளைத் துணி போர்த்திய நாலு பெட்டிகள் பீடத்துக்கு முன்னால் இருந்தன. சாமியார் வாசலில் அங்கியோடு நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் பார்த்தார், ஒரு படகு இன்னொரு படகை இழுத்து வருவதை. கரையில் நின்றவர்கள் தலைகளை எண்ணினார்கள். நாலு என்றார்கள். ஐந்து என்றார்கள். ஒருத்தி மணலில் மண்டியிட்டு விரலை மடித்து, "எட்டு! ஏ மக்கா, எட்டுப் பேரு!" என்று கத்தினாள். சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணிக்கூண்டுக்கு ஓடினார், ஒற்றை ஒற்றையாக அடித்துக்கொண்டிருந்தவனிடமிருந்து கயிற்றைப் பிடுங்கி, திருவிழாவுக்கு அடிக்கிற அடியைத் தாமே அடிக்கத் தொடங்கினார். மூன்று நாளாகக் கிசுகிசுத்துக்கொண்டிருந்த ஊர் தன் முழுத் தொண்டையையும் திறந்தது.

ஊர்க்காரர்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப்போய் நாலு பேரையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மணலில் இறக்கிவிட்டதும், பிடிக்க வந்தவர்களை விலக்கிவிட்டுத் தொம்மை தன் காலாலேயே மூன்று எட்டு வைத்தார். அதற்கு எழுந்த கூச்சல் பக்கத்து ஊருக்குக் கேட்டது. இன்னாசியின் தகப்பனார் கோயிலுக்குள் போய்த் தன் மகனுக்கென்று செய்த பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து, வெளியே போட்டு, கோடாலியால் பிளந்தார். மற்ற மூன்றையும் பிளக்க ஆள் கேட்கவேண்டியிருக்கவில்லை. புதுப் பலகை, நன்றாக எரிந்தது. அதன்மேல் அண்டா ஏறியது, சோறு ஏறியது, மீன் குழம்பு ஏறியது, ஊர் முழுக்கக் கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டது.

எஸ்கலினுக்கு யார் யாரோ இலையில் மீனை வைத்துக்கொண்டே இருந்தார்கள். அவளுக்குத் தரை இன்னும் படகுபோல் ஆடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு அவள் ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது, கடலோரத்தில் ஆட்கள் 'சலேத் மாதா'வை மேலே இழுக்கத் தொடங்கினார்கள். தண்ணீர் குடித்துக் கனத்திருந்த வள்ளம் அசையவில்லை. சிலுவை கயிற்றின் முனையைப் பிடித்தபடி நிமிர்ந்து, வேர்வையைத் துடைத்து, பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார்.

"என்ன பாத்துக்கிட்டு இருக்கிய?" என்று கத்தினார். "வந்து பிடிங்க!"

கித்தேரி எழுந்து போனாள். இன்னாசியின் மனைவி போனாள், கஸ்பாரின் அக்கா போனாள், பெனிட்டோவின் தாய் சோற்றுக் கையோடு போனாள், அப்புறம் எண்ண முடியாமல் எல்லாரும் போனார்கள். எஸ்கலின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கித்தேரிக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தாள். ஈரக்கயிறு உள்ளங்கையை அறுத்தது. யாரோ ஒருத்தி குரல் எடுத்தாள், ஊர் ஏலேலோ போட்டது, வள்ளம் ஒரு முனகலோடு அசைந்து, மணலைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறியது.